தொப்பி கிக்கரில் இருந்தால்

பல்லுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்கிப் போட்ட பிறகு பொக்கையாய் நிற்கும் வாய்க்குப் பல் செட் கட்டிக் கொடுப்பவர். கிளினிக்கின் பின்புறம், கை கழுவும் தொட்டிக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே அவருடைய அறை. ஒரு ஆள் திரும்ப வேண்டுமென்றால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். மெழுகு, பிளாஸ்டர், சின்ன ஸ்பிரிட் விளக்கு, பாலீஷ் போடும் மோட்டார். ஜன்னல் ஓரத்தில் ஊர்க்காரர்களின் வாய்களெல்லாம் பிளாஸ்டர் அச்சாக வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும். தெருவில் யாரைப் பார்த்தாலும் இவருக்கு முகம் ஞாபகம் வராது, சிரித்தால்தான் ஆள் யாரென்று பிடிபடும் என்று அவர் மனைவி கேலி செய்வாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பாள். பல்லும் கண்ணும் ஒரே வீட்டில் இருக்கிறது, இனி ஒரு காது கிடைத்தால் முழு முகமும் தேறிவிடும் என்பது தெருவில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்த ஜோக்.

காதும் அவரிடம் இருந்தது. சொல்லப்போனால், அந்தக் காதால்தான் இந்தக் கதையே.

கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழை நாளில் கிளினிக் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பழைய பிரிட்டிஷ் வண்டி. ஒற்றை சிலிண்டர், கறுப்பு டேங்க், டேங்கின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு தங்கக் கோடு. ஓட்டி வந்தவர் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே இறங்கினார். உள்ளே போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். பெட்ரோலைத் திறந்தார். கார்புரேட்டரில் ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார். ஹாண்டில்பாரில் இருந்த ஒரு லீவரைக் கொஞ்சம் தள்ளினார். கிக்கரை மெதுவாக அழுத்தி ஆழம் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரே மிதி.

டப்... டப்... டப்... அவசரமே இல்லாத சத்தம். ஒரு டப்புக்கும் அடுத்த டப்புக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று யோசித்துவிட்டு வரலாம் போலிருந்தது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்தார். அப்போதுதான் பல் பிடுங்கிய ஒருவர் அப்படிச் சிரித்ததைப் பல்லுக்காரர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிடித்த பித்துதான். விலைக்கு ஒன்று வாங்கிக்கொள்வதில் அவருக்கு ஆசையில்லை. அதே பாணியில் தன் கையால் ஒன்றைக் கட்ட வேண்டும். கட்டி, தானே உதைத்து, தானே ஓட்டி, ஏரிக்கரை வழியாக மலைப்பக்கம் ஏறும் சாலையில் போக வேண்டும். வாழ்க்கையிடம் அவர் கேட்டது அவ்வளவுதான். வாழ்க்கை வழக்கம்போல வேறு எதையெதையோ எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். எஞ்சின் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டையாகக் கிடைத்தது. மூட்டையைப் பிரித்தால் பாதி எஞ்சின்தான் இருந்தது. மீதியை மச்சான் கடைந்து கொடுத்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். லேத் பட்டறை வைத்திருப்பவர், எதையும் குறை சொல்லிக்கொண்டே செய்து கொடுப்பவர். கிளட்ச் லீவர், டேங்க் மூடி போன்ற சில்லறைச் சாமான்களைப் பல்லுக்காரரே வார்த்தார். பல் செட்டுக்குச் செய்கிற அதே வழிதான்: மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. அவர் வார்த்த கிளட்ச் லீவரின் முனையை உற்றுப் பார்த்தால் கோரைப்பல்லின் ஜாடை தெரியும். டேங்கை மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டியே வளைத்தார். முதலில் வந்தது பூசணிக்காய். அடுத்தது நசுங்கிய பூசணிக்காய். அதற்கப்புறம் வந்ததைப் பார்த்து மச்சானுக்கே சொல்லக் குறை கிடைக்கவில்லை.

ஃபிரேமை நிறுத்தி, சக்கரம் பூட்டி, சீட்டும் வைத்தாகிவிட்டது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அப்போதுதான் அவருடைய பயணங்கள் தொடங்கின. வேலை முடிந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வளைவு வந்தால் சாய்வார். மேடு வந்தால் வலது காலால் கியரைக் குறைப்பார். அந்தச் சாலையில் எதிரே வண்டி வராது. ஏரி மேல் வெள்ளையாய்ப் பனி கிடக்கும். உள்ளே நுழைந்தாலும் குளிராது. பெட்ரோல் தீராது, கண்ணில் பூச்சி விழாது. அந்த டப் டப் மட்டும் தொடைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

"எங்க வரைக்கும் போயிருக்கீங்க?" என்று வாசலில் நின்று மனைவி கேட்பாள்.

"ஏரிக்கரை தாண்டியாச்சு. இனிமே ஏத்தம்."

"சரி, டீ ஆறிடும். ஏத்தத்த நாளைக்கு வெச்சுக்கலாம், திரும்பி வாங்க."

ஒருநாள் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "நம்ம கல்யாண போட்டோவுலகூட உங்க மூஞ்சி இப்படி இல்லங்க." அவர் அசடு வழிந்தார். மறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிளினிக்கின் பின்படியில், கையில் பிளாஸ்டர் வாளியோடு வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துக் காலை நேராகச் சேர்த்துவிட்டார்கள். நடக்கலாம், நிற்கலாம், நிதானமாகப் படி ஏறலாம், மடக்கத்தான் முடியாது.

"கொஞ்சம் கொஞ்சமா மடங்க ஆரம்பிச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டார்.

எலும்பு டாக்டர் இளகிய மனசுக்காரர். "பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பல்லுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் அந்தப் பாணி வண்டியில் வேலை எல்லாம் வலது காலுக்குத்தான். கிக்கர் வலது பக்கம். கியரும் வலது பக்கம். இடது கால் பிரேக்கைப் பார்த்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கும். வலது கால் மடங்காத ஒருவரால் அந்த வண்டியை உதைக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

"மாப்பிள்ளை, கியர இந்தப் பக்கம் கொண்டுவந்துடலாம்" என்றார் மச்சான். "பட்டன அமுக்கினா ஸ்டார்ட் ஆகுற மாதிரி ஒரு மோட்டார வெச்சுடலாம். யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேப்பேன் மச்சான். அப்புறம் அது வேற வண்டி."

மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் இருந்த நிலைமையில் அது வெறும் பேச்சுக்குச் சொன்னது இல்லை.

மனைவிதான் வழி சொன்னாள். "உங்க கால் சரியாகுற வரைக்கும் நான் ஒதைச்சுத் தர்றேன். என்ன இப்போ?"

கால் சரியாகுற வரைக்கும். இருவரும் அந்தச் சொல்லை ஒரு போர்வை மாதிரி மேலே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் ஒல்லியான பெண். சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல் மட்டும்தான் தரையைத் தொடும். இருந்தாலும் கடைக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவள், வண்டிக்குப் பயப்படுகிறவள் இல்லை. எஞ்சினைப் பூட்டியதும், பெட்ரோல் ஊற்றாமலே, கிக்கரை அழுத்தி அது எங்கே எதிர்த்து நிற்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த இடத்தைத் தாண்டி மெதுவாக நகர்த்த, அப்புறம் உடம்பு எடை முழுவதையும் போட்டு மிதிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை கால் வழுக்கி, திரும்பி வந்த கிக்கர் கணுக்காலுக்கு மேலே போட்ட போட்டில் ஊதா நிறத்தில் கன்றிப்போய் வாரக்கணக்கில் நொண்டினாள். வீட்டில் இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கியரையும் சொல்லிக் கொடுத்தார். "தெருமுனை வரைக்கும் எடுத்துட்டுப் போய் வெக்கணும்னா தெரிஞ்சிருக்கணும்ல" என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் ஆயில் டேப்பை, அதாவது ஆயிலைத் திறந்து மூடும் திருகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் ஆயில் எஞ்சினுக்குள் இருக்காது, சீட்டுக்குக் கீழே தனி டேங்கில் இருக்கும். வண்டி நாலு நாள் சும்மா நின்றால் ஆயில் மெல்ல இறங்கி எஞ்சினின் அடிவயிற்றில் போய்த் தேங்கிவிடும். அப்புறம் உதைத்தால் தெரு முழுக்கப் புகை. அதனால் இந்தப் பித்துப் பிடித்த கூட்டம் ஆயில் குழாயில் ஒரு சின்ன டேப்பை வைத்துக்கொள்ளும். நிறுத்தினால் மூடு, எடுக்கும்போது திற. திறக்க மறந்துவிட்டால் எஞ்சின் ஆயில் இல்லாமலே ஓடும், கொஞ்ச நேரம். உலகத்தில் வேறு யாரும் செய்ய வாய்ப்பில்லாத தவறு அது. இவர்களே கஷ்டப்பட்டுத் தேடிச் சம்பாதித்துக்கொண்டது.

பல்லுக்காரருக்குத் தன் மறதி தெரியும். அதனால் ஒரு விதி போட்டார். டேப் மூடியிருக்கும்போது அவருடைய கம்பளித் தொப்பி கிக்கரில் தொங்கும். தொப்பியை எடுக்காமல் உதைக்க முடியாது. எடுத்தால் உடனே டேப்பைத் திறந்துவிட்டுத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தொப்பி கிக்கரில் இருந்தால் மூடியிருக்கிறது, தலையில் இருந்தால் திறந்திருக்கிறது. இதை மனைவிக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். தன் புத்திசாலித்தனத்தில் அவருக்கே ஒரு சொக்கல்.

முதல் முறை எஞ்சினை எழுப்பும் நாள் வந்தது. விடுமுறைக் காலை. மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பல்லுக்காரர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி கிக்கரிலிருந்த தொப்பியை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, எட்டி அவர் தலையிலேயே அதை மாட்டிவிட்டாள்.

"உங்க வண்டி, நீங்களே போட்டுக்குங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் கார்புரேட்டர் பொத்தானை அமுக்கினாள், லீவரைத் தள்ளினாள், கிக்கரை அழுத்தி ஆழம் பார்த்தாள். முதல் உதைக்கு ஒரு இருமல். அடுத்த உதைக்கு, டப்... டப்... டப்...

தகரக் கூரை சேர்ந்து அதிர்ந்தது. அலமாரியில் ஸ்பானர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பல்லுக்காரருக்கு நின்ற இடத்திலேயே மிதப்பது போலிருந்தது. மழையில் நின்ற அந்தக் கறுப்பு வண்டி, பஞ்சு வைத்த சிரிப்பு, ஏரி மேல் பனி எல்லாம் கலந்து கண்முன்னே ஓடின. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. சத்தத்தில் ஏதோ இறுகுவது அவர் காதுக்குத்தான் முதலில் கேட்டது. எஞ்சினை நிறுத்தும் லீவருக்குக் கை போவதற்குள் கிறீச்சென்று ஒரு முனகல். எஞ்சின் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. இரும்பு காய்ந்த வாசனை மட்டும் மேலே வந்தது.

குனிந்து பார்த்தார். டேப் மூடியிருந்தது.

"தொப்பிய எடுத்தது நீதானே?" அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "எடுத்தா தெறக்கணும்னு தெரியாதா? ஒரே ஒரு வேலை, அதக்கூட..."

"தொப்பி உங்க தலைலதானே இருந்துச்சு? தலைல இருந்தா தெறந்திருக்குன்னு சொன்னது நீங்க."

"ஒதைக்கிறவங்கதான் தெறக்கணும்!"

"அப்ப நீங்களே ஒதைச்சிருக்கணும்."

"சரி, விடும்மா" என்றார் மச்சான். அவள் விடவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டாள்.

"உங்க கால் மடங்காதுங்க. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அந்த டாக்டருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்விட்டாள். மச்சான் வாசல்வரை போய், திரும்பி வந்து பெட்ரோலை மூடிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு, பால் தீர்ந்துபோச்சு, கதவச் சாத்தியாச்சா என்ற அளவில் நின்றது. அவள் ஷெட் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். அவர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் முழுக்கக் கீறல். பிஸ்டன் தண்டின் பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பிஸ்டனுக்காகத்தான் அழுகிறோம் என்று முதலில் நினைத்துக்கொண்டார்.

சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தார். ஏரி வரவில்லை, பனி வரவில்லை. ஷெட்டும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் காலும்தான் இருந்தன. மறுநாளும் அப்படியே. மூக்குக்கு நேரே கிடந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இருவரில் யாரும் விதியை மீறவில்லை. விதிதான் ஒரே ஆளுக்காகப் போட்டது. எடுக்கிற கையும் மாட்டிக்கொள்கிற தலையும் ஒருவருடையதாகவே இருக்கும் என்று நினைத்திருந்தார். வண்டியில் எதைத் தொட்டாலும் அதே கதை. சீட்டின் உயரம் அவர் காலுக்கு, ஹாண்டில்பாரின் வளைவு அவர் கைக்கு, லீவரின் நீளம் அவர் விரலுக்கு. அந்த அளவுகளுக்கு உரிய ஆள் பின்படியில் வழுக்கி விழுந்த அன்றே போய்விட்டான். போனவனுக்காக ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டு, இருக்கிறவளைக் கால் கன்றிப்போக உதைக்க வைத்து, கடைசியில் அவளையே திட்டியும் ஆகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மழைக்காலம் முழுவதும் வேலை செய்தார். எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டனும் பேரிங்கும் போட்டார். அவள் ஸ்கூட்டர் நிற்கும்போது சீட்டிலிருந்து தரைக்கும், சீட்டிலிருந்து கைப்பிடிக்கும் நூல் பிடித்து அளந்தார். ஸ்கூட்டரின் ரப்பர் கைப்பிடியில் அவள் விரல்கள் வருஷக்கணக்காகத் தேய்த்த பள்ளங்களை, வாய்க்கு அளவெடுக்கும் அதே பசையை அப்பி அச்செடுத்தார். சீட்டை இறக்க ஃபிரேமையே அறுத்து ஒட்ட வேண்டியிருந்தது. மச்சான் அவர் அளவு போட்டு வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது உங்க அளவு இல்லையே" என்றார். "தெரியும் மச்சான்" என்றார் இவர். தங்கையின் உயரம் அண்ணனுக்குத் தெரியாதா என்ன. மேற்கொண்டு கேட்காமல், முதல் முறையாகக் குறை எதுவும் சொல்லாமல், கடைந்து கொடுத்தார். டேப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆயில் இறங்கினால் இறங்கட்டும், வடித்தெடுத்து டேங்கில் திரும்ப ஊற்றுவது இனிப் பல்லுக்காரரின் வேலை.

எல்லாம் பூட்டியான பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து வண்டியப் பிடிச்சுக்கிறியா?"

வந்தாள். பிடித்துக்கொண்டாள். "ஏறி உக்காந்தே பிடி" என்றார். உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கீழே பார்த்தாள். அப்புறம் கிளட்ச் லீவரைப் பிடித்தாள். விரல்கள் தேடாமலே போய் உட்கார்ந்தன. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இது யாரோட அளவு?"

"ஒன்னோடதுதான்."

அவள் லீவரை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"அன்னைக்கு உன்ன அப்படிப் பேசியிருக்கக்கூடாது. தப்பு என்னோடது" என்றார். "கால் விஷயமும் நீ சொன்னதுதான் நெஜம்."

"நீங்க என்ன செய்வீங்க அப்போ?"

"நின்னு கேப்பேன்."

மழை விட்ட ஒரு காலையில் அவள் உதைத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து, ஆயில் எஞ்சினைச் சுற்றித் திரும்பி வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை அசைத்தார். அவள் கிளம்பிப் போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுகிறவருக்கு இந்தச் சத்தம் கிடைக்காது என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தெருமுனையில் ஒரு கியர் மாறியது, பாலத்தில் இன்னொன்று. ஏரிக்கரையில் சத்தம் தண்ணீர் மேல் படர்ந்து அகலமாகியது. ஏற்றத்தில் கனத்தது, மலையின் வளைவில் மறைந்தது, கொஞ்சம் கேட்டது, அப்புறம் கேட்கவே இல்லை.

நின்றுகொண்டே இருந்தார். எஞ்சின் மறுபடி கவ்விக்கொண்டதோ, விழுந்துவிட்டாளோ என்று தெருமுனையையே பார்த்தார். போகிறபோக்கில் யாரோ நலம் விசாரித்ததற்கு என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வெகுநேரம் கழித்து, காற்றுக்குள்ளிருந்து பிரிந்து வருவது போல அந்த டப் டப் திரும்பி வந்தது. அவர் மூச்சும் அதோடு வந்தது.

அவள் கன்னம் சிவந்திருந்தது. முடி கலைந்து, மூக்குக்கண்ணாடியில் ஒரு பூச்சி அப்பிக் கிடந்தது.

"எப்படி இருந்துச்சு?"

வாயைத் திறந்தாள், மூடினாள். "சொல்ல வரலங்க. ஏறுங்க."

"எங்க ஏற? ஒத்த சீட்டு வண்டி."

அவள் தன் மழைக்கோட்டைக் கழற்றி நாலாக மடித்துப் பின்மட்கார்ட் மேல் இருந்த கேரியரில் போட்டாள். கால் மடங்காத ஒருவர் அதில் ஏறுவதை எழுதிக் காட்ட முடியாது, பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து காலைத் தூக்கிப் போட்டார். இவ்வளவு வருஷத்தில் பின்னால் உட்காருகிறவர் கையை எங்கே வைத்துக்கொள்வார் என்று ஒருநாளும் யோசித்திராதவர், கேரியரைப் பிடிக்கப் பார்த்தார், சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடிக்கப் பார்த்தார்.

"இடுப்பப் பிடிங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டார். வண்டி ஏரிக்கரைக்கு வந்தபோது பனி இருந்தது. குளிர் காதைப் பிய்த்தது, மூக்கில் நீர் வழிந்தது, கேரியர் எலும்பில் குத்தியது. சாலை தெரியவே இல்லை, அவள் முதுகுதான் தெரிந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் கியரைக் குறைக்க அவள் வலது காலை அசைத்தாள். விறைத்து நிற்கும் தன் காலுக்குப் பக்கத்தில் அந்த முழங்கால் சுலபமாக மடங்கி நிமிர்வதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் முறுக்கு!" என்று அவள் காதில் கத்தினார்.